எலர்ஸ்-டான்லோஸ்: இழுத்தால் நீளும் தோல், எளிதில் நழுவும் மூட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலர்ஸ்-டான்லோஸ் என்பது தோலையும் மூட்டுகளையும் சேர்த்துத் தளர்த்தும் அரிய பரம்பரை நோய். இயன்முறை மருத்துவராக என்னிடம் வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா போன்றவை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

இது என்ன நோய்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நம் உடம்பில் தோல், தசைநார், ரத்தக்குழாய், குடல் என்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரதம். அந்தப் புரதத்தையோ, அதை முறுக்கிக் கட்டும் நொதிகளையோ உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் பிடிப்பு தளர்ந்துவிடும். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம், கால் எல்லாம் உறுதியாகத்தான் இருக்கும். கயிறு தொய்ந்திருந்தால் படுத்தவர் நடுவில் இறங்கிவிடுவார். எலும்பும் தசையும் நன்றாக இருந்தும் மூட்டு நழுவுவதும், சின்னக் கீறலுக்கே தோல் வாய் பிளப்பதும் இதனால்தான்.

இது ஒரே நோய் அல்ல, ஒரு குடும்பம். எல்லா வகைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சுருக்கமாக ஈ.டி.எஸ். என்பார்கள்.

தோலில் என்ன தெரியும்?

தொட்டால் முதலில் தெரிவது மென்மை. பிறகு முழங்கையிலோ கழுத்திலோ தோலைப் பிடித்து இழுத்தால் வழக்கத்தைவிட நீளமாக வரும்; விட்டவுடன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இந்தத் திரும்புதல் முக்கியம். இழுத்த தோல் திரும்பாமல் மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் அது கியூட்டிஸ் லாக்சா என்ற வேறு நோயாக இருக்கலாம்.

நான் அதைவிட உன்னிப்பாகப் பார்ப்பது தழும்புகளை. நடை பழகும் பிள்ளைகள் விழுகிற இடங்களான முழங்கால், முன்னங்கால் எலும்பின் மேல், நெற்றி, முகவாய் ஆகியவற்றைப் பாருங்கள். கிளாசிக்கல் என்ற வகை இருந்தால் அங்கே தழும்பு பட்டையாக அகன்று, மெலிந்து, பளபளவென்று, நெருக்கமான சுருக்கங்களோடு இருக்கும். மூன்று தையல் போட்ட சின்னக் காயம் இரண்டு விரல் அகலத்துக்குத் தழும்பாகியிருக்கும். முழங்கால், முழங்கையில் தழும்பின் மேல் சதைப்பற்றான சின்ன மேடுகள் வரலாம். முன்கையிலும் முன்னங்காலிலும் தோலுக்கு அடியில் பட்டாணி அளவில் கெட்டியான உருண்டைகள் உருளுவதும் உண்டு. இவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல.

அடிபட்டதே நினைவில்லாமல் கன்றிப்போவது இன்னொரு அடையாளம். ரத்தம் உறைவதற்கான பரிசோதனைகள் பெரும்பாலும் சரியாகவே வரும். குறை ரத்தத்தில் இல்லை, அதைச் சுமக்கும் மெல்லிய குழாய்களிலும் சுற்றியுள்ள தோலிலும்தான். நம் கருத்த, மாநிறத் தோலில் கன்றலும் அடியில் ஓடும் ரத்தக்குழாயும் வெள்ளைத் தோலில் தெரிகிற அளவுக்குத் தெரியாது. வெளிநாட்டுப் புத்தகப் படங்களோடு ஒப்பிட்டு ‘அப்படி இல்லையே’ என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் பெண் விரல்களை எல்லாப் பக்கமும் வளைக்கிறாள். அவளுக்கும் இருக்குமோ?

வளைவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு மூட்டு தளர்வாகவே இருக்கும், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. வலியும் இல்லாமல், மூட்டும் நழுவாமல், தோலும் சாதாரணமாக இருந்தால் அது அவளுடைய உடல்வாகு, அவ்வளவுதான்.

அளந்து பார்க்க பெய்ட்டன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. மொத்தம் 9 மதிப்பெண். சுண்டுவிரல் பின்னால் 90 பாகைக்கு மேல் மடிகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கை 10 பாகைக்கு மேல் பின்பக்கம் வளைகிறதா, முழங்காலும் அப்படியா என்று இரண்டு பக்கமும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். முழங்கால் மடக்காமல் குனிந்து உள்ளங்கை இரண்டையும் தரையில் பதிக்க முடிந்தால் ஒன்பதாவது. மூட்டுத் தளர்வே முன்னால் நிற்கும் ஹைப்பர்மொபைல் வகைக்கு, பருவமடையாத பிள்ளைகளில் 6, பருவமடைந்தவர்களில் 50 வயது வரை 5, அதற்கு மேல் 4 என்பது தொடக்க வரம்பு. தொடக்க வரம்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். மதிப்பெண் வந்துவிட்டது என்பதாலேயே நோய் உறுதியாகாது. தோல், தழும்பு, குடும்ப வரலாறு, வலி, மூட்டு நழுவல் எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும்.

வீட்டில் தயவுசெய்து மூன்று வேளையும் அளந்து பார்க்காதீர்கள். அளக்கிற சாக்கில் மூட்டை வளைப்பதே மூட்டுக்குக் கெடுதல்.

எத்தனை வகை இருக்கிறது? வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது?

2017-ல் வெளியான சர்வதேச வகைப்பாட்டில் 13 வகைகள். அதற்குப் பின் இன்னொன்றும் கண்டறியப்பட்டது.

பெரும்பான்மையோருக்கு இருப்பது ஹைப்பர்மொபைல் வகை: மூட்டுத் தளர்வும் நாள்பட்ட வலியும் முன்னால் நிற்கும், தோல் மாற்றம் லேசாகத்தான் இருக்கும். அடுத்து கிளாசிக்கல் வகை. பெரும்பாலும் ஐந்தாம் வகைக் கொலாஜனின் மரபணுவில் பிழை. மேலே சொன்ன தழும்புகள் இதற்கு உரியவை. மூன்றாவது வாஸ்குலர் வகை, மூன்றாம் வகைக் கொலாஜனில் பிழை. இதில் ஆபத்து ரத்தக்குழாயிலும் குடலிலும். மற்றவை இன்னும் அரிதானவை. பிறந்த குழந்தை துவண்டு கிடக்க, முதுகுத்தண்டு அப்போதே வளைந்திருக்கும் கைஃபோஸ்கோலியாட்டிக் வகை. கருவிழி மெலிந்து சின்ன அடிக்கே கிழியக்கூடிய வகை. பல் ஈறு இளவயதிலேயே அரித்துப்போகும் வகை என்று நீளும்.

வகை தெரிந்தால் எல்லாமே மாறும். ஹைப்பர்மொபைல் வகைக்காரருக்கு உடற்பயிற்சிதான் மருந்து. வாஸ்குலர் வகைக்காரர் பளு தூக்கினால் உயிருக்கே ஆபத்து. கருவிழி மெலியும் வகை என்றால் உடையாத கண்ணாடி போடாமல் பிள்ளையை விளையாட விடக்கூடாது. ஆகவே யாராவது சீட்டில் வெறுமனே ‘ஈ.டி.எஸ்.’ என்று எழுதிக் கொடுத்தால், ‘எந்த வகை, டாக்டர்?’ என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

வாஸ்குலர் வகையை எப்படிச் சந்தேகிப்பது?

பலருக்கு இந்த வகையில் தோல் அதிகம் நீளாது. பெரிய மூட்டுகளும் தளர்ந்திருக்காது, விரல்கள் மட்டும் வளையும். ‘தோல் நீளவில்லையே, அப்போ ஈ.டி.எஸ். இல்லை’ என்று தவறவிடுவது இதனால்தான். மாறாகத் தோல் மெல்லியதாக இருந்து மார்பிலும் வயிற்றிலும் ரத்தக்குழாய்கள் ஓடுவது தெரியும். ஒடுங்கிய மூக்கு, மெல்லிய உதடு, பெரிதாகத் தோன்றும் கண்கள், மடல் சிறுத்த காது ஆகியவை பலருக்கு இருக்கும். கை கால் தோல் வயதுக்கு மீறிச் சுருங்கியிருக்கும். பிறவியிலேயே வளைபாதம் இருந்திருக்கலாம். குடும்பத்தில் யாராவது இளவயதில் ‘திடீரென்று வயிற்று வலி வந்து’ அல்லது ‘பிரசவத்தில் ரத்தப்போக்கில்’ இறந்திருக்கிறார்களா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கதை யாரும் பேசாமலே புதைந்து கிடக்கும்.

இந்த வகை உறுதியானவருக்குத் திடீரென நெஞ்சிலோ வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்தால் ‘வாயுவாக இருக்கும், சோடா குடி’ என்று காத்திருக்கக்கூடாது. தமனி கிழிந்திருக்கலாம், பெருங்குடல் ஓட்டையாகியிருக்கலாம், நுரையீரல் சுருங்கியிருக்கலாம். சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். போனதும் முதலில் சொல்ல வேண்டியது நோயின் பெயரை. தமனிக்குள் குழாய் செருகிச் செய்யும் ஆஞ்சியோகிராம், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி போன்றவை இவர்களுக்கு ஆபத்தானவை. வேறு வழியே இல்லை என்றால்தான் செய்வார்கள்.

இன்னொன்று நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டும். சளி, சிறுநீர் எரிச்சல், வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையிலேயே சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வாங்கி விழுங்கும் பழக்கம் நமக்கு. இந்த மருந்துக் குடும்பம் பெருந்தமனி வீக்கம், கிழிசல் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதில் ஈ.டி.எஸ். பெயர் சொல்லியே இடம்பெற்றது. வேறு மருந்து இருக்கும்போது இது வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாதாரண வகை பின்னாளில் வாஸ்குலர் வகையாக மாறுமா?

மாறாது. பிழை எந்த மரபணுவில் இருக்கிறதோ அங்கேயேதான் இருக்கும்.

எந்த டாக்டரைப் பார்ப்பது? என்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

பெரும்பாலானோர் வரும் வழி இதுதான்: முதலில் எலும்பு மருத்துவர், அவர் கால்சியம் மாத்திரை கொடுப்பார், பிறகு தோல் மருத்துவர், பிறகு ‘சத்துக் குறைவு’ என்று டானிக், கடைசியில் யாரோ ஒருவருக்குப் பொறி தட்டும். நேரே மருத்துவ மரபியல் பிரிவுக்குப் போனால் பல வருடம் மிச்சமாகும். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது பழைய தழும்புகளின் புகைப்படம், மூட்டு நழுவியபோது எடுத்த எக்ஸ்ரே, தாய்வழி தந்தைவழி இரண்டிலும் மூன்று தலைமுறை விவரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஹைப்பர்மொபைல் வகைக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை இல்லை. அதன் மரபணு இன்னும் பிடிபடவில்லை. 2017 வகைப்பாட்டில் சொன்ன அளவுகோலை வைத்து, மற்ற வகைகளும் வேறு நோய்களும் இல்லை என்று ஒதுக்கிய பிறகே அதை உறுதி செய்வார்கள். அளவுகோலை முழுமையாக எட்டாதவர்களுக்கு ‘ஹைப்பர்மொபிலிட்டி ஸ்பெக்ட்ரம்’ என்று எழுதுவார்கள். அவர்கள் வலி குறைந்த வலி என்று அதற்குப் பொருள் கிடையாது. சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மற்ற வகைகளுக்கு ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. கைஃபோஸ்கோலியாட்டிக் வகையின் ஒரு பிரிவை சிறுநீரிலேயே கண்டுபிடிக்கலாம். கிளாசிக்கல், ஹைப்பர்மொபைல் வகைக்காரர்களுக்கும் ஒருமுறையாவது எக்கோ எடுத்து இதய வால்வையும் பெருந்தமனி தொடங்கும் இடத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டில் ‘பொருள் தெளிவற்ற மாற்றம்’ என்று வந்திருக்கிறது. நோய் இருக்கிறதா இல்லையா?

அந்த வரியை வைத்து இரண்டையும் சொல்ல முடியாது. மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது தீங்கானதா என்று சொல்ல இன்னும் சான்று போதவில்லை என்று பொருள். பெற்றோர் இருவருக்கும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் சில நேரம் தெளிவு கிடைக்கும். இந்த ஒரு வரியை வைத்துக் கல்யாணத்தை நிறுத்துவதோ கருவைக் கலைப்பதோ கூடவே கூடாது. சில வருடம் கழித்து அதே ரிப்போர்ட்டை மறுபடி ஆராயச் சொல்லிக் கேட்கலாம்.

சொந்தத்தில் கட்டியதால்தான் வந்ததா?

இந்தக் கேள்வியை அம்மாக்கள் கேட்கும்போது பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். அதனால் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்வேன்.

கிளாசிக்கல், வாஸ்குலர் வகைகள் ஓங்கு முறையில் வருபவை. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு. ஹைப்பர்மொபைல் வகையும் குடும்பங்களில் இதே போலத்தான் இறங்கி வருகிறது. சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. கிளாசிக்கல், வாஸ்குலர் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெற்றோர் இருவரிடமும் பிழையே இருப்பதில்லை; கரு உருவாகும்போது புதிதாக நேர்ந்தது. அதற்கு யாருடைய சாப்பாடும், கிரகணமும், நடத்தையும் காரணம் இல்லை.

ஆனால் கைஃபோஸ்கோலியாட்டிக் வகை, கருவிழி மெலியும் வகை, இன்னும் சில அரிய வகைகள் ஒடுங்கு முறையில் வருபவை. இருவரிடமும் அதே பிழை மறைந்திருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கருவுக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அந்த நிலையிலும் பிழை இரண்டு பக்கமிருந்தும்தான் வந்திருக்கிறது. ‘இவள் வந்த நேரம்’ என்று மருமகள் தலையில் கட்டுவதற்கு மரபியலில் இடமே கிடையாது.

மருந்து இருக்கிறதா? கொலாஜன் பவுடர் சாப்பிடலாமா?

அடிப்படைப் பிழையைச் சரிசெய்யும் மருந்து இல்லை. கொலாஜன் பவுடர் வயிற்றில் மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடும். உடம்பு அதைக்கொண்டு கட்டினாலும் பிழையான வரைபடத்தின்படிதான் கட்டும். அந்தப் பணத்துக்கு முட்டையும் பருப்பும் வாங்கிக்கொள்ளலாம்.

வைட்டமின் சி பற்றிக் கேட்பவர்கள் நிறைய. கொலாஜனை முறுக்கேற்றும் நொதிகளுக்கு அது துணை என்பது சரி. 1972-ல் இரண்டு சகோதரிகளிடம் அந்த நொதிகளில் ஒன்று குறைந்திருப்பது கண்டறியப்பட்டதுதான் கைஃபோஸ்கோலியாட்டிக் வகையைப் புரிந்துகொள்ள வழி திறந்தது. சிலருக்குக் கன்றிப்போவது குறைகிறது என்று மருத்துவர்கள் கொடுப்பதும் உண்டு. ஆனால் மூட்டை இறுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் தாராளமாகச் சாப்பிடலாம்.

வாஸ்குலர் வகையில் செலிப்ரோலால் என்ற ரத்த அழுத்த மருந்து தமனி கிழிவதைக் குறைத்ததாக 2010-ல் ஐரோப்பாவில் 53 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை இதய மருத்துவர் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படியும் அவசியம். இந்த வகைக்காரர்கள் ஆஸ்பிரின் போல ரத்தக்கசிவைக் கூட்டும் மாத்திரைகளைத் தாமாகப் போடவே கூடாது.

காயம் பட்டால் என்ன செய்வது?

கிளாசிக்கல் வகைப் பிள்ளையின் காயம் ஆழத்தைவிட அகலமாகப் பிளக்கும்; பார்க்கவே பதறும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

தையல் போடும் இடத்தில்தான் உங்கள் வேலை ஆரம்பம். சாதாரணமாக முகத்துக்கு ஐந்து நாளில், காலுக்கு இரண்டு வாரத்துக்குள் பிரித்துவிடுவார்கள். இந்தத் தோலில் அப்படிச் செய்தால் காயம் மறுபடி வாய் திறக்கும். இழுவிசை இல்லாமல், இயன்றவரை இரண்டு அடுக்காக, உள்தையல் தாராளமாகப் போட வேண்டும். மேல்தையலை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நாள் விட்டுவைக்க வேண்டும். பிரித்த பிறகும் ஒட்டுப்பட்டை போட்டுத் தாங்க வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, தைக்கும் மருத்துவரிடம் பணிவாகக் கொடுங்கள். இரவு நேரத்தில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருப்பார். பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லி வாங்கிப் படிப்பார்கள்.

பிளாஸ்திரியைச் சர்ரென்று உரித்தால் தோலும் கூட வரும். எண்ணெய் தொட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக ஊறவைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

விளையாடும் வயதில் முழங்காலுக்கும் முன்னங்காலுக்கும் பஞ்சு வைத்த உறை மாட்டுவது நல்ல வழி. காது குத்தலாம், ஆனால் கனத்த ஜிமிக்கி வேண்டாம். துளை நீண்டு மடல் கிழிந்துவிடும்.

பல் டாக்டர், ஆபரேஷன்?

மரத்துப்போகும் ஊசி சிலருக்குச் சரியாகப் பிடிப்பதில்லை, அல்லது சீக்கிரம் விட்டுப்போகிறது. ‘வலிக்குது’ என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், பயத்தில் சொல்கிறாள் என்று அடக்காதீர்கள். வாயை நெடுநேரம் திறந்து வைத்தால் தாடை நழுவலாம். இடையிடையே மூட இடைவெளி கேளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடம் கழுத்து மூட்டின் தளர்வைச் சொல்லியே ஆக வேண்டும். மூட்டை இறுக்கும் ஆபரேஷன்கள் மற்றவர்களுக்குப் பலிப்பதுபோல இவர்களுக்குப் பலிப்பதில்லை. தைத்த திசு மறுபடி தளர்ந்துவிடும். ஆகவே அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி, யோகா, பரதம், சுளுக்கு வழிப்பது பற்றி?

என் துறை இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தசைநார் தளர்ந்திருந்தால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு தசைக்கு வருகிறது. ஆகவே தசையை வலுவாக்குவதுதான் சிகிச்சையின் மையம். மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கும் பயிற்சிகள், பிறகு குறைந்த எடையோடு, பாதிக் கோணத்தில் அசைவுகள், தண்ணீருக்குள் நடை, நீச்சல் என்று மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வே இவர்களுக்கு மங்கல்; கண்ணாடி முன் நின்று செய்வது அதற்கு உதவும். முதல் மாதத்தில் பலன் தெரியாது. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்; மாதக்கணக்கில் தொடர்ந்தவர்களிடம்தான் மாற்றம் பார்க்கிறேன்.

தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும் பெண்ணின் கையைப் பார்த்தால் புரியும்: மூடி நகராது, கட்டைவிரலின் அடிமூட்டு உள்ளே மடிந்து ‘கடக்’கென்று இறங்கும். அவள் முகம் சுளிக்காமல் அதை மற்ற கையால் தள்ளிச் சரிசெய்துவிட்டு மறுபடி திருகுவாள். அவ்வளவு பழகிப்போயிருக்கிறது. அந்த விரலுக்குச் சின்ன வளையத் தாங்கி போட்டால் அன்றே வித்தியாசம் தெரியும்.

யோகா வகுப்பிலும் நடன வகுப்பிலும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். ‘பாருங்க, ரப்பர் மாதிரி வளையுது’ என்று மேடையேற்றுவார்கள். ஆசிரியரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: மூட்டின் எல்லை வரை போகக்கூடாது, ஆசனத்தில் பின்னாலிருந்து அழுத்தக்கூடாது, முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி நிற்கக்கூடாது. இந்த வரம்போடு பரதம் ஆடலாம். சரியாகச் செய்த அரைமண்டி தொடைத் தசையை நன்றாகவே வளர்க்கும். சொந்தக்காரர்கள் முன்னால் கையை முறுக்கிக் காட்டச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்.

எண்ணெய் விட்டு இழுத்துச் சுளுக்கு வழிப்பதும், நழுவிய மூட்டை நாட்டுக் கட்டுக்காரர் முறுக்கி ஏற்றுவதும் இவர்களுக்கு ஆகாது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைச் சொடுக்குவார்களே, அதை எந்த வகைக்காரரும் அனுமதிக்கக்கூடாது. வாஸ்குலர் வகையில் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வரலாம். பேருந்தில் ஏற்றும்போது குழந்தையை ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். அக்குளில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், எப்போதும் அசதி என்கிறாள். நம்பலாமா?

நம்புங்கள். நாள் முழுக்கத் தசைகள் மூட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால் மாலையில் சோர்ந்துதான் போகும். தூக்கத்திலும் மூட்டு நழுவி விழிப்பு வரும். ஹைப்பர்மொபைல் வகையில் பலருக்கு எழுந்து நின்றால் படபடப்பும் கண் இருட்டலும் உண்டு. நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி அப்படியே நின்றால் பாட்ஸ் என்ற கோளாறைப் பரிசோதிப்பார்கள். பதின்வயதினருக்கு அந்த வரம்பு 40. காலைப் பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளில் சிலர் இவர்கள். தண்ணீர், மருத்துவர் சொல்லும் அளவு உப்பு, காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, மெதுவாக எழுவது ஆகியவை உதவும். வயிறு உப்புசம், மலச்சிக்கல், நெஞ்செரிச்சலும் சேர்ந்தே வரும்.

பள்ளியில் என்ன சொல்வது?

வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் இருவரிடமும் மருத்துவர் கடிதத்தோடு நேரில் பேசுங்கள். அடிக்கடி கன்றிப்போன கைகாலோடு பிள்ளை வரும்போது ‘வீட்டில் அடிக்கிறார்கள்’ என்ற சந்தேகம் எழும். அந்தச் சந்தேகம் ஒரு நல்ல ஆசிரியருக்கு வர வேண்டியதே. முன்கூட்டியே விளக்கிவிட்டால் இரண்டு பக்கமும் வேதனை இல்லை. கனத்த பை வேண்டாம், ஒரு செட் புத்தகம் பள்ளியிலேயே இருக்கட்டும். தடித்த பிடியுள்ள பேனா வாங்கிக் கொடுங்கள். மூன்று மணி நேரம் எழுத முடியாது என்றால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பொதுத்தேர்வு ஆண்டின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். சான்றிதழ் வாங்க நேரம் பிடிக்கும்.

அரசுச் சான்றிதழ் கிடைக்குமா?

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஈ.டி.எஸ். அதில் தனிப்பெயராக இல்லை. மூட்டுப் பாதிப்பை இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் மதிப்பிடக் கேட்கலாம்; முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். நல்ல நாளில் போனால் எல்லா மூட்டும் நன்றாக அசையும், மதிப்பிடும் மருத்துவ வாரியம் விழுக்காட்டைக் குறைவாகப் போட்டுவிடும். நழுவிய நாட்களின் எக்ஸ்ரே, சிகிச்சைச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டியது அதனால்தான்.

கல்யாணம், குழந்தை?

பெரும்பாலான வகைகளில் தாராளமாக. கிளாசிக்கல் வகையில் பனிக்குடம் முன்கூட்டியே உடையலாம், பிரசவக் காயம் ஆறத் தாமதமாகலாம். பெரிய மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டால் போதும். கர்ப்பத்தில் மூட்டு இன்னும் தளரும், இடுப்பு வலி கூடும்.

வாஸ்குலர் வகை வேறு. கர்ப்பம், பிரசவத்தின்போது தமனியோ கருப்பையோ கிழியும் ஆபத்து உண்டு. சுமார் 20 கர்ப்பத்தில் ஒன்றில் தாய் இறக்கும் அளவுக்கு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கருத்தரிப்பதற்கு முன்பே மரபியல் மருத்துவர், மகப்பேறு மருத்துவர், இதய மருத்துவர் மூவரிடமும் பேச வேண்டும். முடிவு அந்தப் பெண்ணுடையது, வீட்டுப் பெரியவர்களுடையது அல்ல. குடும்பத்தின் பிழை எதுவென்று தெரிந்திருந்தால் கருவிலேயே பரிசோதிக்க வழியுண்டு.

நோயை மறைத்துக் கல்யாணம் செய்யச் சொல்லி வற்புறுத்தும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். முதல் பிரசவத்திலேயே அது வெளிவரும், மிக மோசமான நேரத்தில்.

ஆயுள் குறையுமா?

கிளாசிக்கல், ஹைப்பர்மொபைல் வகைகளில் ஆயுள் பொதுவாகக் குறைவதில்லை. வாஸ்குலர் வகையில் சராசரி ஆயுள் 50 வயதை ஒட்டி என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பலர் நோய் இன்னதென்றே தெரியாமல் வாழ்ந்தவர்கள். முன்பே தெரிந்து கவனமாக இருப்பவர்களின் கணக்கு அதைவிட நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

யார் கண்டுபிடித்தது?

பதினேழாம் நூற்றாண்டிலேயே நெதர்லாந்தின் அறுவை மருத்துவர் யோப் வான் மேக்கெரன், வலது மார்புத் தோலை வாய் வரை இழுத்துக் காட்டிய ஸ்பானிய இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார். 1892-ல் மாஸ்கோவில் செர்னோகுபோவ் தோலையும் மூட்டையும் ஒரே நோயாக இணைத்துப் பார்த்தார். 1901-ல் டென்மார்க்கின் எலர்ஸ், 1908-ல் பிரான்சின் டான்லோஸ் இருவரும் தனித்தனியே விவரித்ததால் பெயர் அவர்களுடையதாக நிலைத்தது. செர்னோகுபோவுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

வெளியே போகும்போது என்ன வைத்திருக்க வேண்டும்?

பர்ஸில் ஓர் அட்டை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். பெயர், ரத்தப் பிரிவு, நோயின் வகை, பரிசோதனை செய்த மருத்துவமனை, வீட்டு எண். அதற்குக் கீழே: தோல் எளிதில் கிழியும், தையலை இரட்டிப்பு நாள் விடவும், மூட்டை இழுக்க வேண்டாம், வாஸ்குலர் வகையானால், திடீர் வலிக்கு உடனே சி.டி. எடுக்கவும், தமனியில் ஊசி, குழாய் தவிர்க்கவும், தவிர்க்க வேண்டிய மாத்திரைகள் இவை. 108 ஆம்புலன்ஸ் வந்ததும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது இதைத்தான். அதனால் அட்டை எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும், பத்து வயதுத் தம்பிக்கும் தெரிந்திருக்கட்டும்.